சீட்டு

பட்டரவாக்கத்தில் எங்கள் ஷெட்டுக்குள்
நாளொன்றுக்கு எண்ணூறு வளையம் பிறக்கும்.
குக்கர் மூடிக்குள் சுருண்டு கிடந்து
ஆவியோடு மல்லுக்கட்டும் ரப்பர் வளையம்.
உழைத்து இளகினால் குழந்தைக்கு ஸ்டியரிங்,
இல்லையென்றால் ஜன்னல் கம்பியில் தொங்கும்.
அதைத் தாண்டி அதற்கொரு வாழ்க்கை உண்டென்று
நான் நினைத்ததில்லை.

சுற்றறிக்கை வந்தது.
சிறுதொழில் செய்வோர்
அயல்நாட்டுக் கண்காட்சியில் கடை விரிக்கலாம்.
விமானக் கட்டணம், இடவாடகை, சரக்குச் செலவு
தகுதிக்கு உட்பட்டு
ஈடுசெய்யப்படும்.

அந்தப் ‘படும்’ மேல்
ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன்.
யார் செய்வார், என்றைக்குச் செய்வார்,
எதுவும் சொல்லாமல்
நடக்கும் என்று மட்டும் சொல்கிற வினை.

முதலில் போ. பிறகு கேள்.
எனவே சீட்டு எடுத்தேன்.
இரண்டு லட்சம் சீட்டு. தள்ளு போக
கைக்கு வந்தது ஒன்று ஐம்பத்திரண்டு.
அதில் வாங்கினேன் இன்னொரு சீட்டு:
மீனம்பாக்கத்திலிருந்து நைரோபிக்கு.

மூன்றுக்கு மூன்று மீட்டர் தடுப்பு.
மேலே நாட்டின் பெயர்,
கீழே எழுத்துப்பிழையோடு என் பெயர்.
இடப்பக்கம் திருப்பூர் பனியன்,
வலப்பக்கம் ராஜ்கோட் பம்பு,
நடுவே ஆணியில் மாட்டிய கறுப்பு வளையங்களோடு நான்.
முதல் நாள் என்னிடம் பேசியவர்
தண்ணீர் பாட்டில் விற்றவர்.

இரண்டாம் நாள் அச்சியெங் வந்தார்.
பாத்திரக்கடை முதலாளி.
வளையத்தை இழுத்தார். முகர்ந்தார்.
யாரும் பார்க்காதபோது லேசாகக் கடித்தார்.
“எங்கள் பீன்ஸ் லேசில் வேகாது. தாங்குமா?”
எனக்கு வந்த ஆங்கிலத்தில்
கொண்டைக்கடலை ஊறவைக்க மறந்த
ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன்.
சிரித்துவிட்டு அறுநூறு என்று எழுதினார்.

திரும்பி வந்தபின் கிண்டி, மூன்றாவது மாடி.
கோதண்டபாணி சார் நல்லவர்.
இதை எழுதியே ஆகவேண்டும், நல்லவர்.
ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான்
கோப்பைத் திறந்தார்.
பில் இருந்தது. ஒப்பந்தம் இருந்தது.
கடைமுன் நான் விறைத்து நிற்கும் புகைப்படம் இருந்தது.
“ஏறின சீட்டு?”
கொடுத்தேன்.

வெள்ளை.

சூட்டில் அச்சான தாள்,
சூட்டிலேயே அழிந்திருக்கிறது.
பத்திரமாக இருக்கட்டும் என்று
பிரஸ்ஸுக்குப் பக்கத்து இரும்பு பீரோவில்
மே மாதம் முழுக்க வைத்திருந்தேன்.

இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம்.
ஓரத்தில் ஒரு ஏழு
இருந்த மாதிரி இருந்தது.

“பாஸ்போர்ட்ல முத்திரை இருக்கே சார்?”
“போனீங்கன்னு அது சொல்லும்.
சாதாரண வகுப்புல போனீங்கன்னு சொல்லாதேம்மா.”
என் முழங்காலைக் கேளுங்கள் என்று
சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.

விமானக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்.
பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.
மறுபடியும் படும்.
மாதம் பத்தாயிரம் சீட்டுக்குக் கட்டுவதை
ஈடுசெய்யப்படும் பணத்தில் எழுத முடியவில்லை,
கையிருப்பில் எழுதினேன், சிவப்பு மையால்.

நேற்று முனீரா பிரஸ்ஸை நிறுத்திவிட்டு
ஓடி வந்தாள். அலுவலக போன் அவள் கையில்.
அச்சியெங் அனுப்பிய ஒலிக்குறிப்பு.
பேச்சே இல்லை. ஏதோ அடுக்களை,
ஒரு நாய், பிறகு விசில்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதை முடிக்குமுன் யாரோ அடுப்பணைத்தார்கள்.
கீழே எழுத்தில்: இரண்டாயிரம், அதே அளவு.

“காத்து பக்கவாட்டுல போகல பாருங்க,
நம்ம வளையந்தான்” என்றாள் முனீரா.
திரும்பத் திரும்பக் கேட்டோம்.

இதை எந்த இணைப்பில் வைப்பது என்று
கோதண்டபாணி சாரைக் கேட்கலாமா
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
வெளியே ஸ்கூட்டர் சத்தம்.
ஐந்தாம் தேதி.
சீட்டுக்காரர்.